சிலம்பம் கற்பிக்கும் போர்நெறி

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே ஆற்றிய உரை)

 

இன்றைய விழாவிலே சிலம்பத்தைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்துள்ளனர். அதற்குக் காரணம் ஒன்று உண்டு. சில திங்களுக்கு முன்னர், சங்கத்தின் பின்வளவைக் கிழமையில் இரண்டு மாலைப் பொழுதுகள் சிலம்பப் பயிற்சிக்குத் தந்துதவ வேண்டுமென நாம் செயற்குழுவிடம் விண்ணப்பித்தோம். விண்ணப்பம் வாசிக்கப்பட்டதும் பெரியவர் ஒருவர் எழுந்து, "தம்பியவை, ஊரிலை இருக்கிற சண்டை போதாதோ? இனிப் பொல்லும் தூக்க வேணுமோ?" என்று கேட்டார். கூட்டத்திலே சிரிப்பெழுந்தது. ஆனால் கேட்டவர் சிரிக்கவில்லை. எமக்கும் சிரிப்பு வரவில்லை. கடந்த சில ஆண்டுகளாக யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளைத் திறந்தால் 'வாள்வெட்டு' என்னும் சொல் எத்தனை முறை கண்ணிற் படுகிறது என்பதை யாவரும் அறிவர். வெட்டுபவனும் இளைஞன், வெட்டுப்படுபவனும் இளைஞன். இந்த நிலையிலே பிள்ளைகள் கையில் கம்பைக் கொடுக்கலாமா என்று ஒரு பெரியவர் அஞ்சுவாராயின் அந்த அச்சம் நியாயமானதே. அன்று அவருக்கு ஏற்ற விடை எமக்குத் தெரியவில்லை. இன்று இயன்ற அளவு விடை கூற முயல்கின்றோம்.

நாம் மிசன் பாடசாலையிலே கல்வி கற்றவர்கள். 1816 ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனார் இந்தத் தெல்லிப்பழையிலே பள்ளி தொடங்கிய காலந்தொட்டு எமது ஊருக்கு மேனாட்டுக் கல்வி வந்தது. அதனோடு மேனாட்டு விளையாட்டுக்களும் வந்தன. கிரிக்கெட்டில் எப்போது ஆட்டமிழப்பு, உதைபந்தில் எது தவறு என்று கேட்டால் நித்திரையிலும் விடை சொல்வோம். ஆனால் எம் பாட்டன்மார் கையாண்ட சிலம்பத்துக்கும் நெறிகள் உண்டா என்று கேட்டால் விழிப்போம். போர்க்கலை என்றதும் எம்மிற் பலருக்கு நினைவில் வருபவர் புரூஸ் லீ அன்றோ? அவருடைய ஆசான் யிப் மான் என்பதும், அவர் 1950 ஆம் ஆண்டிலிருந்து ஹொங்கொங்கில் 'விங் சுன்' என்ற சீனக் கலையைக் கற்பித்தவர் என்பதும் எம் இளைஞர்க்கு மனப்பாடம். சீனக் கலையைப் போற்றுவதில் தவறில்லை. ஆனால் அதே வகையான அறிவு நம் வீட்டுக் கோடியிலும் சாத்திக் கிடந்தது என்பதை அறியாதிருப்பதே குறை.

சீனத்துக்கும் நமக்கும் இந்தத் துறையிலே ஏதும் தொடர்புண்டா என்று சிலர் வினவலாம். கிழக்கிலங்கைத் தமிழர், முஸ்லிம்களிடையே சிலம்படியோடு 'சீனடி' என்னும் பெயரும் வழங்கிவருகிறது. சிங்கள மக்களிடையே 'அங்கம்பொர' என்ற தொன்மையான போர்க்கலையும், அதனின் வேறாகச் 'சீன அடி' என்ற கலையும் உள்ளன. கடல் வழியே பட்டும் பாண்டமும் வந்த தீவில் அடிமுறையொன்று வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

ஆனால் இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமரே சீனர்க்குப் போர்க்கலை கற்பித்தவர் என்ற கதையை 2011 இல் வெளிவந்த 'ஏழாம் அறிவு' என்னும் திரைப்படம் மூலைமுடுக்கெல்லாம் பரப்பியது. கேட்கப் பெருமையாகவே இருக்கிறது. எனினும் போதிதருமரை உடற்பயிற்சியோடு தொடர்புபடுத்தும் நூல் 17 ஆம் நூற்றாண்டிலேதான் தோன்றியது. அவர் வாழ்ந்தாரெனக் கூறப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்! தாங் ஹாவோ என்ற சீன அறிஞர் 1930 ஆம் ஆண்டளவிலேயே இதனை எடுத்துக்காட்டினார். ஷாவோலின் மடத்தில் 728 ஆம் ஆண்டு நாட்டப்பட்ட கல்வெட்டு, 621 ஆம் ஆண்டுப் போரிலே பின்னாளில் பேரரசனான லீ ஷிமினுக்குத் துணைநின்ற 13 துறவிகளைக் குறிப்பிடுகின்றது. போதிதருமர் கற்பித்த போர்க்கலை பற்றி அதில் எதுவுமில்லை. இரவற் பெருமையை விட்டுவிட்டு, உள்ள பெருமையை ஆராய்வதே கற்றோர்க்கு அழகு.

உள்ள பெருமை யாது? ஷாவோலின் துறவிகள் முதன்முதலிற் பேரெடுத்தது கைக்குத்தினால் அன்று, கம்பினாலேயே. மிங் வமிசத்துத் தளபதி யூ தாயூ என்பவர், கடற்கொள்ளையரை எதிர்த்துப் போரிட்டவர், கம்பு பற்றி ஒரு நூலே எழுதினார். கம்பைக் கற்றவனுக்கே ஏனைய ஆயுதங்கள் வசப்படும் என்பது அவர் கொள்கை. ஏறக்குறைய 1560 ஆம் ஆண்டில் அவர் ஷாவோலினுக்குச் சென்று பார்த்தபோது, அங்கே பழைய நுட்பங்கள் மறைந்துவிட்டனவென்று கண்டு வருந்தி, இரண்டு துறவிகளைத் தம்முடன் அழைத்துச்சென்று மூன்று ஆண்டுகள்வரை பயிற்றி அனுப்பினார். உலகப் புகழ்பெற்ற மடத்திலேயே கலை மங்கவும் பின்னர் ஒருவர் முயற்சியால் துளிர்க்கவும் கூடுமாயின், நம் ஊரில் மங்கியதைப் பற்றி நாம் மனமுடையத் தேவையில்லை.

இனிப் போர்நெறிக்கு வருவோம். வலிகாமத்துக் கிராமமொன்றில் வாழும் முதியவர் ஒருவரிடம் நாம் சென்ற விடுமுறையிலே சிலம்பம் கற்கச் சென்றோம். ஆளுக்கொரு கம்பு வெட்டிக்கொண்டு மிடுக்கோடு போனோம். அவர் கம்புகளை வாங்கி வேலியோரம் சாத்திவிட்டு, "பொல்லு பிறகு, தம்பி. முதலிலை நிக்கப் பழகுங்கோ" என்றார். "எத்தினை நாளைக்கு ஐயா?" என்று கேட்டோம். "அதை உங்கடை கால் சொல்லும்" என்றார். மூன்று கிழமைகள் செம்மண் முற்றத்திலே முன்னும் பின்னும் பக்கமுமாக அடி வைத்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. பழைய ஆசான்மார் பலரும் இவ்வாறே காலடியை நெடுநாள் பயிற்றிய பின்னரே கம்பைத் தொடவிட்டனர் என்பதைப் பின்னர் அறிந்தோம்.

காலடிக்கு ஏன் இத்தனை முதன்மை? திருக்குறளிலே 48, 49, 50 ஆம் அதிகாரங்களை எண்ணிப் பாருங்கள்: வலியறிதல், காலமறிதல், இடனறிதல். வள்ளுவர் அரசனுக்குக் கூறிய இந்த மூன்றுமே சிலம்பத்தின் போர்நெறிகள் எனலாம். முற்றத்திலே கற்கும்போது மட்டும் வரிசை தலைகீழாகின்றது. இடம் முதலில் வருகிறது.

முதலாவது, இடம். சிலம்பக் கம்பு நின்றவன் நெற்றியளவு உயரமுடையது. பொதுவாக ஐந்தரை அடி. கணு நெருங்கிய மூங்கில் சிறந்தது. அந்தக் கம்பு சுழலும்போது நுனி ஒரு பெரிய வட்டத்தைச் சுற்றுகிறது. அதே நேரத்தில் நடுப்பகுதி பாதி அளவான வட்டத்தையே சுற்றுகிறது. எனவே நுனியின் வேகத்தில் பாதிதான் நடுவுக்கு உண்டு. கையருகே இன்னும் குறைவு. இதனை எமது பௌதிகப் புத்தகத்திலே படித்திருந்தும், முழங்கையிலே ஒரு நாள் நுனியடி வாங்கிய பின்னரே விளங்கிக்கொண்டோம். ஆபத்து முழுவதும் வட்டத்தின் விளிம்பிலே உள்ளது. ஆகவே எதிராளியின் கம்புக்கு எட்டாமல் நிற்கவேண்டும். இல்லையேல் அவன் கையருகே புகுந்துவிடவேண்டும். இரண்டுக்கும் நடுவே தயங்கி நிற்பவனே அடிபடுகிறான். எட்டி நிற்கவும் கிட்டப் புகவும் கொண்டு செல்வது கால், கை அன்று. நேரே பின்வாங்குபவனைக் கம்பு துரத்தும். பக்கமாக விலகுபவனை அது தவறவிடும். விங் சுன் கற்போரும், உடலின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு இருப்பதாகப் பாவித்து, தம் நடுக்கோட்டைக் காத்துப் பிறர் நடுக்கோட்டை நாடும் வண்ணம் நிற்கப் பழகுகின்றனர். அவர்கள் நேர்கோட்டிற் செல்கின்றனர், நாம் வட்டத்திற் சுழல்கின்றோம். எனினும் எங்கே நிற்பது என்பதே இரு சாராருக்கும் முதற் பாடம்.

இரண்டாவது, காலம். பழகாதவன் முதலில் தடுப்பான், பின்பு ஓங்குவான், பின்பு அடிப்பான். அவன் மூன்று வேலை செய்யும் நேரத்தில் பழகியவன் ஒரே வேலையில் முடிக்கிறான். சிலம்பத்திலே தடுத்த கம்பு நிற்பதில்லை. தடுத்த இடத்திலிருந்தே சுழன்று அடியாகின்றது. அந்த அடி தவறினால் அதுவே அடுத்த தடுப்பாகின்றது. நின்ற கம்பை மீண்டும் எழுப்ப நேரம் வேண்டும். சுழலும் கம்பைத் திருப்பிவிட்டாற் போதும். அதனாலேதான் வீச்சு முறியாமல் ஒரு சுழற்சியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் பயிற்சி நாள்தோறும் நடைபெறுகின்றது. விங் சுன்னிலும் காப்பதும் தாக்குவதும் ஒரே அசைவாக இருக்கவேண்டுமென்பர். காலத்தை அறிவது கண்ணின் தொழில். எம் கண் முதலிலே எதிராளியின் கம்பு நுனியைத் துரத்தியது. ஆசான் அதைக் கண்டு, "நுனியைப் பாத்தால் நுனி அடிக்கும். ஆளின்ரை தோளைப் பார்" என்றார். உண்மைதான்! நுனி வருமுன் தோள் அசைகிறது. தோளை நோக்குபவனுக்கு ஒரு கணம் மிச்சமாகிறது. போரிலே ஒரு கணம் பெரிது.

மூன்றாவது, வலி. வலி என்றவுடன் தோட்புயம் என்று எண்ணுகிறோம். வள்ளுவரோ தன்வலி, மாற்றான்வலி, துணைவலி யாவற்றையும் எடைபோடச் சொல்கிறார். ஓங்கி வரும் கம்பை எதிர்க் கம்பால் முட்டி நிறுத்த முயன்றால் வலியவன் வெல்வான், கம்பும் முறியும். அதே கம்பைச் சாய்வாக ஏற்று வழுக்கவிட்டால் அவன் வலிமையே அவனை நிலைகுலைக்கும். கம்பும் கம்பும் தொட்ட கணத்திலே எதிராளி எப்பக்கம் தள்ளுகிறான், இறுகப் பிடித்திருக்கிறானா, தளர்ந்திருக்கிறானா என்பதெல்லாம் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். இறுகப் பிடித்தவன் கைக்கு அது தெரியாது. ஆதலால் கம்பை இறுக்கவும் கூடாது, நழுவவிடவும் கூடாது. சீனத்துத் தாய்ச்சிப் பயிற்சியில் இருவர் கையோடு கை தொட்டுத் தள்ளிப் பழகுவதும், விங் சுன்னில் கைகள் ஒட்டியபடி சுழலுவதும் இந்த உணர்ச்சியை வளர்த்தற்பொருட்டே. மெலிந்தவனும் வயோதிபரும் பெண்களும் இந்தக் கலையிலே தேர்ச்சி பெறுவதன் மருமம் இதுவேயாகும். எம் ஆசானுக்கு எழுபது வயதுக்கு மேலாகிறது. அவர் கையிலிருந்த கம்பை எம்மில் ஒருவராலேனும் தட்டி விழுத்த முடியவில்லை.

இனி நான்காவதாக ஒன்று உண்டு. பெரியவரின் கேள்விக்கு விடையும் அதிலேயே உண்டு. அதுதான் அளவு.

சிலம்பப் போட்டியிலே வெற்றி எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது? எதிராளியின் எலும்பை முறிப்பதனால் அன்று. உடலைத் தொட்டால் ஒரு புள்ளி; கம்பைத் தட்டி விழுத்தினால் வெற்றி. சில இடங்களிலே கம்பின் நுனியில் பொடியைக் குழைத்துப் பூசி, உடலிற் பதிந்த அடையாளங்களை எண்ணித் தீர்ப்புக் கூறும் வழக்கமும் இருந்தது. முழு வேகத்தோடு சுழன்று வரும் கம்பைத் தோலிலே பட்டவுடன் நிறுத்த வேண்டுமாயின் எத்துணைக் கட்டுப்பாடு வேண்டும் என்பதைச் சிந்தியுங்கள். அடிக்க ஒரு கிழமையிற் பழகலாம். நிறுத்தப் பழக ஆண்டுகள் செல்லும். எம்முள் ஒருவர் கோபங்கொண்டு நண்பரை ஓங்கி அடித்த நாளிலே ஆசான் ஏசவில்லை. அவர் கையிலிருந்த கம்பை வாங்கி வைத்துக்கொண்டு, "நிப்பாட்டத் தெரியாதவனுக்கு அடிக்கத் தெரியாது" என்றார். அந்த நண்பருக்கு மறுபடியும் காலடிதான், பத்து நாட்கள்.

இதனை வாள்வெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரவிலே முகத்தை மூடிக்கொண்டு, மோட்டார் சைக்கிளிலே பலர் சேர்ந்து சென்று, ஆயுதமற்ற ஒருவனை வெட்டிவிட்டு ஓடுவதில் என்ன இடனறிதல் உண்டு? எதிரே நிற்க அஞ்சுபவன் செய்யும் செயல் அது. சிலம்பக்காரனோ பட்டப்பகலில், ஊர் பார்த்திருக்க, முகத்தைத் திறந்துகொண்டு, மண்ணைத் தொட்டு வணங்கி, எதிராளியையும் வணங்கிய பின்னரே கம்பைச் சுழற்றுகிறான். தோற்றால் தோற்றேனென்று ஒப்புக்கொண்டு அடுத்த நாள் மீண்டும் முற்றத்துக்கு வருகிறான். தோல்வியைத் தாங்கப் பழகிய இளைஞனுக்கு ஒரு சொல்லுக்காக வாளைத் தேடும் தேவை வராது என்று நாம் உறுதியாக நம்புகின்றோம்.

கம்பை ஏந்தும் மக்களின் வரலாறும் இதற்குச் சான்று. தென்பாண்டிச் சீமையிலே சின்ன மருது, ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படைவீரருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் நட்போடு கற்றுக்கொடுத்தார். அதே வெல்ஷ் பின்னர் மருதுவுக்கு எதிரான படையிலே நின்றார். 1801 ஆம் ஆண்டிலே மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டனர். 1830 இல் வெளியிட்ட தம் நினைவுநூலில், தமக்குக் கற்பித்தவரை அவர் மறவாது நன்றியோடு குறிப்பிட்டார். 1801 டிசம்பரில் ஆங்கில அரசு அந்நாட்டு மக்களின் படைக்கலங்களைப் பறிக்க ஆணையிட்டது. வாளும் வேலும் போயின. ஆனால் வழிநடையிலும் ஆட்டுப்பட்டியிலும் உதவும் கம்பை எவராற் பறிக்க முடியும்?

அந்தக் கம்பு இன்று மறுபடியும் மதிப்புப் பெற்றுள்ளது. நம் நாவலப்பிட்டியில் 1917 இல் பிறந்த எம். ஜி. இராமச்சந்திரன் திரைப்படங்களிலே அதனைச் சுழற்றி நாடறியச் செய்தார். மலேசியத் தமிழரிடையே அது செழித்து வளர்கிறது. 2024 சனவரியிலே தமிழ்நாட்டில் நடைபெற்ற இந்திய இளையோர் விளையாட்டு விழாவிலே சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது.

எமது ஊரிலோ கதை வேறு. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் வீடுவாசலை விட்டு இடம்பெயர்ந்தனர். 1995 இல் வலிகாமமே பெயர்ந்தது. போர் முடிந்த 2009 க்குப் பின்னரே எம் ஊரவர் சிறிது சிறிதாகத் திரும்பினர். வீட்டைக் கட்டலாம், கிணற்றை இறைக்கலாம், கோவிலுக்குக் குடமுழுக்குச் செய்யலாம். ஆனால் ஆசானிடமிருந்து மாணாக்கனுக்குச் செல்லும் கலை இருபது ஆண்டுகள் அறுபட்டால் அதை எதனைக் கொண்டு ஒட்டுவது? எம் ஆசானும் ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்குச் சென்றவரே. "பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு ஓடேக்கை பொல்லை ஆர் தூக்குவினம்?" என்று ஒரு நாள் கேட்டார். இன்று அவருடைய கால்கள் தளர்ந்து வருகின்றன. அவர் இருக்கும்போதே கற்றால்தான் உண்டு.

ஆகவே, பெரியோர்களே, எமது விண்ணப்பத்தை மீண்டும் உங்கள் முன் வைக்கின்றோம். இம்முறை நிபந்தனைகளோடு வைக்கின்றோம். முதல் மூன்று திங்கள் காலடி மட்டுமே. கம்புகள் சங்கத்தின் அறையிலே பூட்டி வைக்கப்படும். எவரும் வெளியே கொண்டுசெல்லலாகாது. ஆண்பிள்ளைகளுக்குப் போலவே பெண்பிள்ளைகளுக்கும் இடமுண்டு. கோபத்தில் ஓங்கியவர் ஒரு திங்கள் வெளியே இருந்து பார்க்க வேண்டும். பயிற்சி நடக்கும் மாலைகளில் பெரியவர் ஒருவரேனும் வந்து இருக்கவேண்டும். அன்று எழுந்து கேட்ட அதே ஐயா அவர்களே முதல் நாளில் வந்து கதிரையில் அமர வேண்டுமென்பது எமது தாழ்மையான வேண்டுகோள். எமது கம்பு எப்போது எழுகிறது என்பதைவிட எங்கே நிற்கிறது என்பதை அவர் பார்க்கட்டும். தவறு கண்டால் அந்தக் கணமே, "தம்பியவை, காணும்" என்று சொல்லட்டும். நிறுத்திவிடுகிறோம். அதற்குத்தானே பழகப்போகிறோம்!